ஆச்சியோடு தஞ்சை அரண்மனை: முழங்கால் வலிக்கு ஏற்ற வழி

தேவகோட்டையிலிருந்து ஆச்சியைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் தஞ்சாவூர் கோட்டைக்குள் இருக்கும் அரண்மனை அருங்காட்சியகங்களைப் பார்க்க முடியுமா, வழியில் திருமயத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் முழங்கால் வலியோடு திருமயம் கோட்டை ஏறச் சொல்லாதீர்கள். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை, மேலே பாறையில் நடக்க வேண்டியிருக்கும். அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கிளம்புங்கள், ஆச்சிக்கும் அதுவே பிடிக்கும்.

தஞ்சாவூரில் முதலில் அரண்மனைக்குள் சிலைகள் வைத்திருக்கும் கலைக்கூடம். வெயிலுக்கு முன், கால் ஓயாதபோதே போய்விடுங்கள். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனரைத் தேடிப் பாருங்கள், காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவனின் வெண்கலச் சிலை, 1011-இல் வார்த்தது. இப்போது காளை இல்லை, ஆனாலும் அதன்மேல் சாய்ந்த கை அப்படியே மடங்கி நிற்கிறது, தலையில் பாம்புகள் சுற்றிய சடை தலைப்பாகை மாதிரி. பக்கத்தில் நிற்கும் அம்மன் மறு வருடம் செய்தது. எங்கள் அப்பத்தா அங்கே கைகூப்பிவிட்டு நகரவே இல்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் அரண்மனையிலேயே இருக்கும் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம். ஓலைச்சுவடிகளோடு, மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்களும் உண்டு, கூட வரும் பிள்ளைகளுக்கு அது போதும். அரண்மனைக் கோபுரங்களின் படிகள் செங்குத்து, அங்கே நீங்கள் மட்டும் ஏறுங்கள், ஆச்சி கீழே நிழலில் உட்காரட்டும். கிளம்புமுன் விடுமுறை நாளா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.