சாரத்திலிருந்து விழுந்தால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கணவர் சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. வீட்டு மாடிப்படியில் வழுக்கியதாகச் சொன்னால் செலவைப் பார்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொன்னார். ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லிவிட்டோம். இனி என்ன செய்வது?

பதில்: அம்மா, இதை இன்றே சரிசெய்யுங்கள். எங்கே, எப்படி விழுந்தார் என்று விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதுவதைத்தான் இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடிப் பிடிப்பார். மேஸ்திரி மாவுக்கட்டு வரைக்கும் செலவு செய்யலாம். ஒரு வருஷம் கழித்து வைத்த பிளேட்டை எடுக்க வேண்டியிருந்தால் அப்போது யார் தருவது? டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட வேலை பார்த்தவர்களின் பெயர், போன் நம்பர், சாரத்தின் போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். சாரத்தை எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடுவார்கள், அதனால் போட்டோ முதலில்.

கேள்வி: மேஸ்திரி மூலம் வேலைக்குப் போன கொத்தனார் நான். கம்பெனி ரெஜிஸ்டரில் என் பெயர் இல்லை. யாரிடம் கேட்பது?

பதில்: கம்பெனியிடமே கேட்கலாம். தன் தொழிலுக்காகக் காண்ட்ராக்டில் ஆள் வைத்தாலும் முதன்மை முதலாளியான கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. கொடுத்ததை அவர்கள் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். கூலி ஜிபேயில் வந்திருந்தால் அந்த வரவே நல்ல சாட்சி. விபத்து நடந்து 2 ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையில் இழப்பீட்டுக்கான அதிகாரியிடம் மனு கொடுத்துவிடுங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் வழி வேறு, அந்த அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: பாதுகாப்பு பெல்ட் போடாததால் காசு கிடையாது என்கிறார்களே?

பதில்: நம்பாதீர்கள். பெல்ட் கொடுத்து, போடச் சொல்லியும் வேண்டுமென்றே மீறியதாக முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். மரணம், நிரந்தர முழு ஊனம் என்றால் அந்த வாதமே செல்லாது. எத்தனையோ சைட்டில் பெல்ட் ஸ்டோர் ரூமில் தொங்குகிறது; போட்டுக்கொண்டு ஏறினாலும் கொக்கியை மாட்ட ஆடாத கம்பியோ வடமோ மேலே இருப்பதில்லை. ஆடுகிற சவுக்குக் கம்பில் மாட்டினால் கம்போடு சேர்ந்துதான் விழ வேண்டும். இதற்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்வது அநியாயம்.

கேள்வி: விழுந்தவரை எப்படித் தூக்குவது?

பதில்: 108 வரும்வரை முடிந்தமட்டும் தூக்காதீர்கள். கை காலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினால் முதுகுத்தண்டு அடி இன்னும் மோசமாகலாம். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், கழுத்தும் முதுகும் வளையாமல் நாலு பேர் சேர்ந்து சென்ட்ரிங் பலகைக்கு மாற்றுங்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டாம். தலையில் அடிபட்டவர் ‘ஒண்ணுமில்ல’ என்று எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வீடு திரும்பிய பிறகு வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் உடனே மறுபடி காட்டுங்கள்.