கார்டு மாறும்போது தாளம் ஏன் அறுந்துபோகிறது?

கேள்வி: சில மாதங்களாக அக்கூஸ்டிக் கிட்டார் பயின்று வருகிறேன். கார்டுகளை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடிகளை, தனித்தனியாகப் பிடித்தால் தெளிவாக ஒலிக்கின்றன. ஆனால் ஜி-யிலிருந்து சி-க்கும், சி-யிலிருந்து எஃப்-க்கும் மாறும்போது தாளம் நின்றுவிடுகிறது. விரல்களில் வலு போதவில்லையா?

பதில்: தனித்தனியே தெளிவாக ஒலிக்கின்றன என்றால் வலுவுக்குக் குறைவில்லை, விரல்கள் போகும் பாதையைத்தான் சீர்செய்ய வேண்டும்.

முதலில் ஜி. தடித்த ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்) மோதிர விரல், ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், மெல்லிய முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டுவிரல் என்று பிடித்துப் பாருங்கள். இப்படிப் பிடித்தால், சி-க்கு மாறும்போது மோதிர விரலும் நடுவிரலும் தம் வடிவம் குலையாமல் ஆளுக்கு ஒரு தந்தி தரைப்பக்கம் நகர்ந்தால் போதும். சுண்டுவிரல் எழ, சுட்டுவிரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் அமர்ந்துவிடும். சுண்டுவிரல் சில நாள் முரண்டு பிடிக்கத்தான் செய்யும், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சி-யிலிருந்து எஃப்-க்குப் போகையில், சுட்டுவிரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் பார் கார்டை இப்போதைக்கு ஒத்திவைத்து, எஃப்-க்கு எளிய மாற்றான எஃப் மேஜர் செவனில் தொடங்குங்கள். சுட்டுவிரல் இருந்த இடத்திலேயே இருக்க, மற்ற இரண்டும் மீண்டும் ஒரு தந்தி இறங்குகின்றன. ஐந்தாம், ஆறாம் தந்திகளை மட்டும் மீட்டாமல் விட வேண்டும். பெரும்பாலான பாடல்களில் இந்த எஃப் உறுத்தாது. பார் கார்டைப் பழகும்போதும் முதல் ஃபிரெட்டில் தொடங்காமல், தந்தி எளிதில் அழுந்தும் ஐந்தாம் ஃபிரெட்டில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பின்னால் வாருங்கள்.

மாறும்போது பலர் சுட்டுவிரலை முதலில் வைக்கிறார்கள். மேலிருந்து கீழே மீட்டும் கை தடித்த தந்தியைத்தான் முதலில் தொடுகிறது. ஆகவே, அங்கு அமர வேண்டிய விரலை முந்தவிட்டால், மற்றவை ஓர் இமைப்பொழுது தாமதித்தாலும் காதுக்குத் தெரியாது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்து, நான்கு தட்டுக்கு ஒருமுறை மீட்டுங்கள். இடக்கை தடுமாறினாலும் வலக்கை நிற்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு முதல் ஃபிரெட் மட்டும் கல்லாக இருந்தால், கருவியைச் சந்தேகிக்கலாம். ஒரு தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் கம்பிக்கும் தந்திக்கும் இடையே பாருங்கள். மயிரிழை அளவுக்கு மேல் இடைவெளி இருந்தால், கழுத்தின் நுனியில் தந்தி அமரும் நட்டு என்ற பட்டையின் பள்ளம் உயரமாக இருக்கிறது. கிட்டார் பழுதுபார்ப்பவர் அதை எளிதில் தாழ்த்தித் தருவார். நீங்களே அரம் பிடிக்க வேண்டாம், சற்று அதிகமாக அராவிவிட்டால் அந்தத் தந்தி வெறுமனே மீட்டும்போதே இரையத் தொடங்கிவிடும்.