ரிலே சோதனையின் இரண்டு எண்களும் மாதிரியின் மூன்று அளவுருக்களும்

ரிலே பின்னூட்டச் சோதனையில், அதாவது உள்ளீட்டை இரு நிலைகளுக்கிடையே மாற்றி மாற்றி அமைப்பை அலையவிடும் சோதனையில், அலைவின் வீச்சும் ஓர் அலைவுக்கான காலமும் மட்டுமே கிடைக்கும்போது, அமைப்பின் மாதிரிக்கு வேண்டிய பெருக்கம் (உள்ளீட்டின் ஓர் அலகு மாற்றத்துக்கு வெளியீடு இறுதியில் மாறும் அளவு), நேர மாறிலி (அம்மாற்றம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதன் அளவு), தாமதம் (மாற்றம் தொடங்கும்வரை கழியும் நேரம்) ஆகிய மூன்றையும் எப்படிக் கணிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சுவீடனின் லுண்டில் ஆஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் 1984-இல் இம்முறையை வெளியிட்டபோது பிஐடி கட்டுப்படுத்தியை (பிழையின் அளவு, தொகை, மாறும் வேகம் ஆகியவற்றை வைத்து உள்ளீட்டைத் திருத்தும் கருவியை) தானாகச் சரிசெய்வதே நோக்கம்; அதற்கு இரண்டு எண்கள் போதும், மாதிரிக்குப் போதா.

வெந்நீர்த் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூடேற்றியின் 1 சதவீத மாற்றத்துக்கு 1.5 டிகிரி பெருக்கம், நேர மாறிலி 100 நொடி, தாமதம் 20 நொடி என்று வைத்து, ரிலேயை இருபுறமும் 10 சதவீதம் மாற்றினால், வெப்பநிலை 2.72 டிகிரி வீச்சில் 73.3 நொடிக்கு ஒருமுறை அலையும். ரிலே வீச்சின் நான்கு மடங்கை, அலைவு வீச்சையும் π-ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்கும் வழக்கமான சூத்திரம், அமைப்பை அலைவின் விளிம்பில் நிறுத்தும் கட்டுப்படுத்தியின் பெருக்கத்தை 4.68 என்று காட்டுகிறது. உண்மையில் அது 5.67. சூத்திரம் அலையைச் சைன் அலையாகக் கொள்கிறது. இங்கோ உச்சிகள் கூர்மையானவை. 4.68-ஐ நம்பிக் கணக்கிட்டால் தாமதம் சரியாக 20 வந்துவிடும், நேர மாறிலி மட்டும் 81-ஆகச் சுருங்கும். ஒன்று சரியாக வருவதால் மற்றதன் பிழை கண்ணில் படுவதில்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

தொட்டியின் பெருக்கத்தைத் தனியாகக் கண்டுபிடிப்பதே வழி. ரிலேயை ஒருபக்கம் 12, மறுபக்கம் 8 எனச் சமமின்றி இயக்கி, அலைவு நிலைத்த பிறகு ஒரு முழுச் சுற்றில் வெப்பநிலை விலகலின் பரப்பைச் சூடேற்றி விலகலின் பரப்பால் வகுத்தால் அது கிடைத்துவிடும். ஆனால் விலகலை அளக்கும் தொடக்க நிலை மதிப்பு பிசகினால் இந்தப் பெருக்கமும் பிசகும்.

பிறகு சமச்சீர்ச் சோதனைக்குத் திரும்பலாம். வீச்சு 2.72-ஐ 15-ஆல் (பெருக்கம் 1.5, ரிலே 10) வகுத்தால் 0.181. அதை 1-இலிருந்து கழித்து இயல்மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் 0.2, இது தாமதத்துக்கும் நேர மாறிலிக்கும் உள்ள விகிதம். 1.181-இன் இயல்மடக்கை 0.167. இரண்டின் கூட்டுத்தொகை 0.367; அரைக்காலமான 36.65 நொடியை அதனால் வகுத்தால் நேர மாறிலி 100 நொடி. அதன் 0.2 பங்கே 20 நொடித் தாமதம்.

இக்கணக்கு தயக்கப் பட்டை (சிறு ஏற்ற இறக்கத்துக்கு ரிலே மாறாமலிருக்க வைக்கும் இடைவெளி) இல்லாத ரிலேக்கும், தாமதத்துடன் ஒரே நேர மாறிலி கொண்ட முதல்படி அமைப்புக்கும் மட்டுமே பொருந்தும். இரைச்சலுக்காகத் தயக்கப் பட்டை வைத்தால் சமன்பாடுகள் மாறும். அலையின் உச்சி கூர்மையாக இல்லாமல் உருண்டிருந்தால், வெப்பமானியின் உறை போன்ற இரண்டாவது நேர மாறிலி ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. அப்போது இந்த எண்களை நம்ப வேண்டாம்.