செல்லோவிலிருந்து வயோலுக்கு வந்தவருக்கு: அழுத்தம் இடம் மாறுவது ஏன்?

நண்பரே, பாஸ் வயோலில் (செல்லோ போலக் கால்களுக்கிடையே பிடித்து வில்லால் வாசிக்கும் பழைய தந்திக் கருவி), 16ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் கிறிஸ்டோபர் டையின் 'இன் நோமினே' என்ற கூட்டிசையை வாசிக்கும்போது அழுத்தங்கள் தப்பான இடத்தில் விழுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது, வில்தான் எதிர்த்திசையில் போகிறது.

செல்லோவில் வில்லை மேலிருந்து பிடிப்பதால், பிடியிலிருந்து நுனியை நோக்கிய இழுப்புக்குத்தான் கனம். வயோலில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கிறது, எனவே நுனியிலிருந்து பிடியை நோக்கித் தள்ளும் வீச்சே வலுவானது. கனமான சுரங்களைத் தள்ளலில் தொடங்குங்கள். நடுவிரலை வில்லின் மயிர்மேல் வைத்து இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகுங்கள். முதலில் திறந்த தந்திகளில் மட்டும் போதும். இதை அவசரப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று, அச்சுப் பிரதியின் தாளக்கோடுகளை நம்பாதீர்கள். அக்காலத்தில் ஒவ்வொருவர் பகுதியும் தனிப் புத்தகத்தில், கோடில்லாமல் எழுதப்பட்டது. அழுத்தம் சொற்றொடரின் போக்கிலிருந்து பிறக்கும். ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டாவர்னரின் 'குளோரியா திபி திரினிதாஸ்' என்ற தேவாலயப் பூசை இசையில் 'இன் நோமினே டொமினி' என்ற வரிகள் வரும் பகுதியைக் கேளுங்கள். 'இன் நோமினே' என்ற வடிவம் முழுவதும் அங்கிருந்து கிளைத்ததுதான். ஒரு குரல் பழைய தேவாலய மெட்டை நீண்ட சுரங்களில் பிடித்திருக்க, மற்றவை அதைச் சுற்றிப் பின்னுகின்றன. 17ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பர்செல் வரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கிலேயர் இதை விடவில்லை. எனக்கு இதைவிட அழகான கூட்டிசை தெரியாது.

குழுவில் அந்த நீண்ட மெட்டை ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள். அந்தக் கூட்டு வாசிப்பில் யாரும் தனித்து முந்துவதில்லை. அடுத்தவர் குரல் கேட்காத அளவுக்கு வாசித்தால் வில்லைத் தளர்த்துங்கள்.