எங்கள் பில்லிங் மென்பொருளில் ஓப்பன்எஸ்எஸ்எல் சேர்த்துவிட்டோம். பாதுகாப்புக்கு அது போதுமா?

போதாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் நிரல்தொகுப்பு; அதைச் சேர்ப்பது அரைநாள் வேலை. நாளைக்கு அதில் ஓட்டை வந்தால் வாடிக்கையாளர் கணினியில் எப்படி மாற்றுவீர்கள்? 2014 ஏப்ரலில் இந்தக் கேள்வியில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

அப்போது நானும் பில்லிங் மென்பொருள்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கடையில் ஒரு புரோகிராம், எங்களிடம் ஒரு சர்வர். ராத்திரி கணக்கு மேலே ஏறும். ஏப்ரல் 7-ஆம் தேதி ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சின்னத் தகவலை அனுப்பி, அதன் நீளத்தையும் சொல்லும். மறுபக்கம் அதையே திருப்பி அனுப்பும். நாலு எழுத்தை அனுப்பிவிட்டு 64 கேபி என்று புளுகினாலும் ஓப்பன்எஸ்எஸ்எல் நம்பி, மெமரியில் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டோ ரகசியச் சாவியோ, கேட்டவன் அதிர்ஷ்டம். நீளத்தைச் சரிபார்க்க மறந்ததுதான் காரணம். இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

சர்வரை அன்றே முடித்தோம். திருத்திய பதிப்பை ஏற்றி, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்து (மறந்தால் பழையதே மெமரியில் ஓடும்), புதுச் சாவி, புதுச் சான்றிதழ் (சர்வர் அசல்தான் என்று காட்டும் அடையாள அட்டை).

கடைக் கணினிகள்தான் உயிரை எடுத்தன. ஓப்பன்எஸ்எஸ்எல்லை எங்கள் எக்ஸ்இ கோப்புக்குள்ளேயே கட்டியிருந்தோம். விண்டோஸ் அப்டேட் அதைத் தொடாது. 'நம்மது கிளையன்ட்தானே, சர்வர் இல்லையே' என்றார் கூட இருந்தவர். போலி சர்வரிடம் பேசினால் கிளையன்டும் கசியும். எங்கள் புரோகிராமின் நிரலைத் திறந்து பார்த்தால், சோதனைக்காக யாரோ சான்றிதழ் சரிபார்ப்பை 0 ஆக்கி அப்படியே விட்டிருந்தார்கள். எவன் வந்து 'நான்தான் சர்வர்' என்றாலும் எங்கள் புரோகிராம் கும்பிடு போடும்! ஆட்டோ அப்டேட்டோ மூன்று வெர்ஷனாக 'அடுத்ததில் பார்த்துக்கலாம்' பட்டியலில். அதனால் ஒவ்வொரு கடைக்கும் போன்: "அண்ணாச்சி, கடை சாத்துறப்ப சொல்லுங்க, சிஸ்டம் பத்து நிமிஷம் வேணும்." சரக்கு ஏற்றும் நேரத்தில் கூப்பிட்டு வாங்கிய திட்டு தனிக்கதை.

இன்று செய்வதானால் புதுப் பதிப்பு எங்களுடையதுதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து ஏற்றும் அப்டேட்டரைத்தான் முதலில் எழுதுவேன். விண்டோஸில் முடிந்தவரை, ஓப்பன்எஸ்எஸ்எல் வேலையையே செய்யும் அதன் சொந்த எஸ்சேனலையே பயன்படுத்துவேன். ஓட்டை வந்தால் விண்டோஸ் அப்டேட்டோடு அதுவும் சரியாகும். பேட்எஸ்எஸ்எல் என்ற தளத்தில் காலாவதியான, பெயர் பொருந்தாத சான்றிதழ்கள் சோதனைக்கென்றே தயாராக இருக்கின்றன. உங்கள் புரோகிராமை அங்கே இணையச் சொல்லிப் பாருங்கள். இணைந்துவிட்டால், அன்றைக்கு ரிலீஸ் வேண்டாம்.