நான்கு கேமரா சிசிடிவி செட் ஆன்லைனில் வாங்கிவிட்டேன். வயரிங்கை நானே செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். ஏணி, டிரில்லிங் மெஷின், ஒரு மல்டிமீட்டர், வேறு வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். ஆனால் உங்கள் கேள்வியில் கேமராவின் பிராண்டு, மெகாபிக்சல், இரவில் வண்ணத்தில் தெரியுமா தெரியாதா என்று எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. வயரைப் பற்றி இருப்பது ஒரே வரி: "செட்டோடு 90 மீட்டர் வயரும் இலவசமாகக் கொடுத்தார்கள்." அந்த வரியைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் காங்கேயம் பக்கத்தில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்து, வீட்டு வயரிங்கில் தொடங்கி, கேமராவுக்கு வந்தவன். "தொழில் செய்பவன் அப்படித்தான் பயமுறுத்துவான், ஆளைக் கூப்பிட்டால்தானே அவனுக்குக் காசு" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். நீங்களே செய்யலாம் என்று முதல் சொல்லிலேயே சொல்லியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு எழுதட்டும்.

உங்களுடையது டிவிஆர் (கேமராக்களின் படத்தைப் பதிந்துவைக்கும் பெட்டி) செட் என்று எடுத்துக்கொள்கிறேன். வயர் என்று அவர்கள் கொடுத்தது 'த்ரீ பிளஸ் ஒன்' ஆகத்தான் இருக்கும்: படத்துக்குக் கேபிள் டிவி வயர் போன்ற ஒரு கோஆக்சியல், மின்சாரத்துக்கும் ஒலிக்குமாக மூன்று மெல்லிய கம்பிகள், எல்லாம் ஒரே உறைக்குள். வயர் நல்லதாக இருந்தால் அருமையான ஏற்பாடு. இலவச வயர் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு களத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றி உலர்களங்கள் ஏராளம். தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்துப் பருப்பாக்கி எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புவார்கள். பருப்பு விலை ஏறும்போதெல்லாம் களத்துக்குக் களம் கேமராவும் ஏறும். அப்படி ஒரு களத்துக்காரர் என்னை அழைத்தார். கேமரா மாட்டியது நான் இல்லை. உங்களைப் போலவே செட்டாக வாங்கி யாரையோ வைத்து மாட்டியிருந்தார். மற்றவை ஒழுங்காக ஓடின. பின்பக்க கேட்டில் இருந்தது மட்டும் பொழுது சாய்ந்தால் அணைந்துவிடும், விடிந்தால் தானாக வந்துவிடும். அந்தக் கேட்டுப் பக்கமிருந்துதான் மூட்டைகள் குறைந்துகொண்டிருந்தன.

இரவுக் காவலுக்கு இருந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். களத்துக்காரர் போட்ட கணக்கு இதுதான்: பகலில் எல்லோரும் இருக்கிறார்கள், கேமரா ஓடுகிறது, இரவில் அவர் மட்டும் இருக்கிறார், கேமரா அணைகிறது. நான் போவதற்கு முந்தின நாள்தான் பெரியவரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். என்னை அழைத்தது கேமராவைச் சரிசெய்யக்கூட இல்லை. வயரை எந்த இடத்தில் கழற்றி மாட்டுகிறார் என்று கண்டுபிடித்துக் கொடுக்கத்தான்.

அலுவலக அறையில், 230 வோல்ட்டைப் பன்னிரண்டாக்கிக் கேமராக்களுக்குக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் மீட்டரை வைத்தேன். 12.1 வோல்ட். அங்கிருந்து பின்கேட்டுக்கு வயர் போகும் தூரம் எண்பது மீட்டர் இருக்கும். ஏணி போட்டு ஏறிக் கேமரா முனையில் வைத்தால் 10. நல்ல வெயில், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியே உள்ளங்கையால் கேமராவின் முகத்தை மூடினேன். இருட்டிவிட்டது என்று நினைத்து உள்ளே 'டிக்' என்று வடிகட்டி நகர்ந்தது, அகச்சிவப்பு விளக்குகள் மங்கலாகச் சிவந்தன, மீட்டர் எட்டுக்குக் கீழே விழுந்தது, கேமரா அணைந்தது. அணைந்ததும் இழுக்க ஆளில்லாமல் வோல்ட் மறுபடி பன்னிரண்டுக்கு ஏறியது, கேமரா உயிர்பெற்றது, விளக்கு எரிந்தது, அணைந்தது. கையை எடுக்கும்வரை இதே கூத்து. கீழே கைபேசியில் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற களத்துக்காரர் நிமிர்ந்து, "என்ன தம்பி, உங்கள் கையிலும் அணைகிறதே?" என்றார்.

கணக்கு எளிமையானது. அந்தக் கேமரா பகலில் 0.15 ஆம்பியர்தான் இழுக்கும். இரவில் விளக்கு எரிந்தால் 0.45. எண்பது மீட்டர் என்றால் மின்சாரம் போக எண்பது, திரும்பி வர எண்பது, ஆக 160 மீட்டர் கம்பி. அந்த மயிரிழைக் கம்பியில் அவ்வளவு நீளத்துக்கு மின்தடை ஏறத்தாழ 14 ஓம். பகலில் 2 வோல்ட் வழியிலேயே போகும், கேமரா பொறுத்துக்கொள்ளும். இரவில் 6 வோல்ட் போக வேண்டும். எந்த 12 வோல்ட் கேமராவும் மிச்சமுள்ள ஆறில் ஓடாது. பிளேடால் கம்பியைச் சுரண்டிக் காட்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதைச் சமாளிக்கத் தடிமனாவது வைத்திருக்க வேண்டும், அதுவும் இல்லை.

பின்கேட்டுக்கு மட்டும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனியாக மின்சாரம் கொண்டுபோனேன். இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது. அன்று இரவு கேமரா அணையவில்லை. களத்துக்காரர் பெரியவரைப் போனில் அழைத்தார். அவர் அதற்குள் வேறொரு ஆலையில் பேசி முடித்திருந்தார், "பரவாயில்லைங்க" என்று மட்டும் சொன்னாராம். மூட்டைகள் எப்படிப் போயின என்பது பிறகு தெரிந்தது. அது அவர்கள் குடும்ப விஷயம், இங்கே எழுத மாட்டேன்.

உங்கள் வீட்டில் எண்பது மீட்டர் வராது, ஒப்புக்கொள்கிறேன். சாதாரண வீட்டில் மொட்டை மாடியைச் சுற்றிப் போனாலும் முப்பது மீட்டருக்குள் முடிந்துவிடும், அந்தத் தூரத்துக்குச் சுமாரான வயரும் தாக்குப்பிடிக்கும். இருந்தாலும் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் தெருமுனை கேட்டுக்கும் பின்பக்கத் தொட்டிக்கும் அதைப் போடாதீர்கள். செம்பு வயராக இருந்து தூரம் கொஞ்சம் அதிகம் என்றால், ஒலிக்காக ஒதுக்கிய மூன்றாவது கம்பி சும்மாதானே கிடக்கிறது, அதையும் மைனஸோடு இரு முனையிலும் சேர்த்து முறுக்கிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், திருகினால் வோல்ட் ஏறும். அதை ஏற்றித் தூரத்துக் கேமராவைச் சமாளிக்கச் சிலர் சொல்வார்கள். பக்கத்தில் இருக்கும் கேமராக்களுக்கும் அதே வோல்ட்தான் போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

"ஐபி கேமரா வாங்கியிருக்க வேண்டும்" என்று இன்னொருவர் வருவார், அதாவது நெட்வொர்க் வயரில் படம் அனுப்பும் கேமரா. அவர் சொல்வதும் சரிதான். 2003இல் வந்த பிஓஇ தரத்தில் நெட்வொர்க் வயரிலேயே 48 வோல்ட் அளவில் மின்சாரம் போகிறது. வோல்ட் நான்கு மடங்கானால் ஆம்பியர் கால்வாசி, வழியில் இழப்பும் அந்த அளவுக்குக் குறையும். 100 மீட்டர் வரை கவலை இல்லை. ஆனால் அதிலும் அலுமினிய கேட்6 நெட்வொர்க் வயர் போட்டு அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வைஃபை கேமரா ஆட்களுக்கு ஒரே கேள்வி: மின்சாரம் காற்றில் வருமா? கேமராவுக்குப் பத்துக் கடை ஏறி இறங்கிவிட்டு வயரை இலவசமாக வாங்குவது, புது மோட்டார் வாங்கி ஓட்டைக் குழாயில் தண்ணீர் இறைப்பதுதான்.

வேலைக்கு வருவோம். 230 வோல்ட் வயர் போகும் குழாயிலேயே கேமரா வயரையும் திணிக்காதீர்கள். படத்தில் கோடு ஓடும், உரசி உறை கிழிந்தால் உயிருக்கும் ஆபத்து. தனிக் குழாய், தனி வழி. கோஆக்சியலை டிவிஆரிலும் கேமராவிலும் மாட்டும் பிஎன்சி முனை போடும்போது சுற்றியுள்ள பின்னலில் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் படம் வராது. பெரும்பாலான 'வீடியோ லாஸ்' புகார்கள் அந்த ஒரு இழைதான், கேமராவைக் கழற்றித் திருப்பி அனுப்புவதற்கு முன் முனையைப் பாருங்கள். வெளியே இருக்கும் இணைப்புகளை 4x4 பெட்டிக்குள் வையுங்கள், வயர் கீழிருந்து பெட்டிக்குள் ஏறட்டும். இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் மழை உள்ளே போகாது என்று நம்புகிறவர்கள் ஐப்பசி தாண்டியதும் எனக்குப் போன் செய்வார்கள். நான்கு கேமராவுக்கு 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் தாராளம். அதற்கு எர்த் கொடுங்கள். எர்த் இல்லாத பெட்டியில் பிஎன்சியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும், ஏணி மேல் நிற்கும்போது அந்தச் சுருக் போதும் கீழே விழ. அந்தப் பெட்டியில் 230 வோல்ட் திருகுகள் திறந்துதான் இருக்கும். மெயினை அணைக்காமல் கைவைக்காதீர்கள், இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

எங்கே மாட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். வாசலில் ஆள் முகம் வேண்டும் என்றால் ஏழெட்டு அடி உயரம். எட்டாத உயரத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று பதினைந்து அடியில் மாட்டினால் பதிவாவது வழுக்கைத் தலைகள்தான். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகலமாகக் காட்டும், தெருவில் போகும் வண்டியின் எண்ணைக் காட்டாது. எண் வேண்டுமானால் அந்த ஒரு கேமராவை 6 மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளையடித்த சன்ஷேடுக்கு அடியில் ஒட்டி மாட்டினால் இரவில் விளக்கொளி சுவரில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். சிலந்திக்கு அந்த இளஞ்சூடும் அங்கே வந்து மொய்க்கும் பூச்சிகளும் ரொம்பப் பிடிக்கும், மாதம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும்.

துடைப்பம் என்றதும் ஞாபகம் வருகிறது, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் கதவில் 'வேலையாட்கள் பயன்படுத்தக் கூடாது' என்று லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார்கள். ஏணியும் வயர் ரோலும் தோளில் ஏற்றி ஐந்தாம் மாடிக்குப் படியில் ஏறினேன். என்ன வேலை என்றால் அந்த லிஃப்டுக்குள் கேமரா மாட்டும் வேலை. மாட்டி முடித்த பிறகு சரிபார்க்க உள்ளே நின்று மேலும் கீழும் போய்வரச் சொன்னார்கள், அப்போது மட்டும் நான் வேலையாள் இல்லை போலிருக்கிறது. செயலாளர் நல்ல மனிதர், காபி கொடுத்தார். காகிதக் குவளையில். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். யாராவது சங்க நிர்வாகிகள் படித்தால் படிக்கட்டும்.

பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதை விற்பவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கு 86.4. ஆக 1 டிபி ஹார்ட் டிஸ்கில் பதினொரு நாள். ஒரு மாதம் வேண்டுமென்றால் ஒன்று பெரிய டிஸ்க், இல்லையென்றால் அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி அமைப்பு. பழைய கணினியில் கழற்றிய டிஸ்க்கைப் போடாதீர்கள், இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று தனியாக விற்கிறார்கள்.

டிவிஆரின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். நேரம் தவறாக ஓடும் பதிவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியே அதில்தான் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, நகலெடுத்த பதிவை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) கேட்கிறார்கள். கைபேசியில் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மூலப்பதிவு அழிந்துபோகும்வரை சும்மா இருக்காதீர்கள்.

பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றுங்கள். 2016 அக்டோபரில் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்து, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்களைச் சில மணி நேரம் முடக்கியது. வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் கேமரா வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டிருந்தது. மாற்றிய பாஸ்வேர்டை எங்காவது எழுதியும் வையுங்கள். மறந்துவிட்டு என்னைப் போன்றவர்களை நடுராத்திரியில் எழுப்புவதில் யாருக்கும் புண்ணியமில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் பின்னூட்டத்தில் கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன். கேட்கும்போது டிவிஆர் இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் வயர் போகும் வழியில் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள், சுரண்டிய கம்பி உள்ளே என்ன நிறம் என்பதையும் சேர்த்து. கேமராவின் பிராண்டு எனக்குத் தேவையில்லை.