கால்பந்து உலகக் கோப்பைக்கு அணி எடுக்கும்போது கிளப் ஃபார்மைத்தான் பார்க்க வேண்டுமா? தென்னாப்பிரிக்காவில் இருக்கும் தமிழர்கள் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறீர்கள்?

ஃபார்மைப் பார்க்கலாம், ஆனால் கடைசியாகப் பார்த்தால் போதும். யார் யாரோடு ஆடிப் பழகியவர், எந்த வேலைக்கு எவர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் நாலைந்து இடங்களுக்கு ஃபார்மை எடுத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லி டர்பனில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

நான் இருப்பது டர்பனின் மெரெபேங்க் பகுதியில். பக்கத்து வீட்டு மாமா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கைஸர் சீஃப்ஸ் கிளப்பின் பக்தர். அவர் பேரன் ஆர்லாண்டோ பைரேட்ஸ். துறைமுகத்தில் வேலை பார்க்கும் தூத்துக்குடி நண்பர் முன்பு பிரிட்டோரியாவில் இருந்ததால் மாமெலோடி சண்டவுன்ஸ். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுப் பின்கட்டில் பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பு மூட்டினால், இறைச்சி வேகுமுன் 26 பேர் பட்டியல் மூன்று தயாராகிவிடும். மூன்றிலும் பொதுவாக இருக்கும் பெயர் கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் மட்டும்தான்.

மாமாவின் குற்றச்சாட்டு எப்போதும் ஒன்றே: "வாரா வாரம் கோல் போடுறவன விட்டுட்டு, அவன் கிளப்பே நம்பாத ஆளைக் கூட்டிட்டுப் போறான் தம்பி அந்த பெல்ஜியம் கெழவன்!" கெழவன் என்பது பயிற்சியாளர் ஹியூகோ ப்ரூஸ். 1952-ல் பிறந்தவர். மாமா அவரைவிட மூத்தவர் என்பதை நாங்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மாமா திட்டும் அந்த "கிளப்பே நம்பாத ஆள்" பெரும்பாலும் எவிடன்ஸ் மக்கோபா. பைரேட்ஸ் ஸ்ட்ரைக்கர். நல்ல உயரம். கிளப்பில் அவர் வாய்ப்பைத் தவறவிடும்போதெல்லாம் சொந்த ரசிகர்களே முணுமுணுப்பார்கள், பேரனும்தான். ஆனால் பாஃபானா பாஃபானா என்ற நம் தேசிய அணியின் சட்டையில் அவர் செய்ததைப் பாருங்கள். 2024 ஜனவரியில் ஐவரி கோஸ்டில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில், 2022 உலகக் கோப்பை அரையிறுதி வரை போன மொராக்கோவை 2-0 என்று வீழ்த்தினோமே, முதல் கோல் மக்கோபா. 2025 அக்டோபரில் ருவாண்டாவை 3-0 என்று வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தில் மூன்றாவது கோல் மக்கோபா. மொராக்கோவில் நடந்த அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பையில் கேமரூனிடம் 1-2 என்று தோற்று வெளியேறினோம். அந்த ஒற்றை கோலும் மக்கோபா.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. கிளப்பில் பைரேட்ஸ் பந்தை வைத்துக்கொண்டு ஆடும், எதிரணி பெனால்டி பெட்டிக்குள் பத்துப் பேரை நிறுத்தி அடைக்கும். அந்த நெரிசலில் மக்கோபாவின் கால் அவ்வளவு வேகமில்லை. தேசிய அணியில் பெரிய எதிரிகளோடு ஆடும்போது நிலைமை தலைகீழ். நாம் பின்னால் நின்று காத்து, நீளப் பந்தை அனுப்புவோம். அதைத் தலையிலோ மார்பிலோ வாங்கி, பின்னால் வருபவர்களுக்காக இரண்டு டிஃபென்டர்களைச் சுமந்துகொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். ப்ரூஸ் எடுப்பது அந்த ஆளை. லீகில் எத்தனை கோல் என்ற அட்டவணையில் இந்த வேலைக்கு எண்ணே கிடையாது. பர்ன்லியில் ஆடும் லைல் ஃபாஸ்டருக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் அவருக்குக் கோல்கள் குறைவு என்று கேலி செய்தவர்கள், அங்கோலாவுக்கு எதிராக 2-1 வெற்றிக் கோலை அவர் அடித்த இரவு சத்தமில்லாமல் இருந்தார்கள்.

இனி தூத்துக்குடிக்காரர் கட்சி. "சண்டவுன்ஸையே அப்படியே அனுப்பிடலாம், எதுக்குத் தேர்வு?" என்பார். பாதி நியாயம். 2017-18 தொடங்கி 2024-25 வரை தொடர்ச்சியாக 8 முறை லீக் வென்ற கிளப் அது. ஐவரி கோஸ்ட் தொடரில் ப்ரூஸ் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். கோல்கீப்பர் வில்லியம்ஸ், முன்னால் முடாவ், கெக்கானா, ம்வாலா, மொடிபா, அவர்களுக்கு முன்னால் டெபோஹோ மொகோவேனா என்று முதுகெலும்பு முழுக்க சண்டவுன்ஸ். முதல் ஆட்டத்தில் மாலியிடம் 0-2 என்று அடி வாங்கியபோது ஊரே சிரித்தது. அதன்பின் நமீபியா, துனிசியா, மொராக்கோ, கேப் வெர்டி என்று வரிசையாக நாலு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கேப் வெர்டியோடு பெனால்டியில் வில்லியம்ஸ் நாலைத் தடுத்தார். அரையிறுதியில் நைஜீரியாவிடம் பெனால்டியில் போனோம், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் காங்கோவை, மறுபடி கோல் வாங்காமல், பெனால்டியில் முடித்து வெண்கலம். 7 ஆட்டங்களில் 5-ல் கோல் வாங்காத அணி அது. தேசிய அணிக்குப் பயிற்சி நாள்கள் மிகக் குறைவு. ஆஃப்சைடு கோட்டை எப்போது ஏற்றுவது, யார் பின்னால் ஓடுவது என்பதெல்லாம் கண்ணசைவில் நடக்க வேண்டும். அதை ஆண்டு முழுக்கக் கிளப்பில் பழகியவர்கள் நாலு பேரை ஒன்றாக எடுத்துவிட்டால் கோச்சுக்கு மாதக்கணக்கான வேலை மிச்சம்.

மீதிப் பாதி நியாயமில்லை என்றேனே, அது இதனால்: சண்டவுன்ஸின் ஃபார்மில் பெரும்பங்கு வெளிநாட்டுக்காரர்களுடையது. 2024-25 சீசனின் சிறந்த வீரர் லூகாஸ் ரிபெய்ரோ கோஸ்டா பிரேசில்காரர். நடுக்களத்தில் அயெண்டே சிலி. ஆண்டுக்கணக்காகக் கோல் அடித்துக் குவித்த பீட்டர் ஷலுலிலே நமீபியா. ஐவரி கோஸ்டில் நாம் 4-0 என்று அடித்தபோது எதிர்ப்பக்கம் நின்றவர் அவர். கிளப்பின் கோல்களைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அதனால் இப்போதைய அணியில் முன்வரிசைக்குப் பைரேட்ஸ் பக்கம் ப்ரூஸ் திரும்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சீஃப்ஸ்? மாமா வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, ஒரு பத்தி போதும். 2025 மே மாதம் எங்கள் மோசஸ் மபிடா மைதானத்தில் பைரேட்ஸை 2-1 என்று வென்று நெட்பேங்க் கோப்பை எடுத்தார்கள், பத்தாண்டு வறட்சி தீர்ந்தது. அன்று இரவு டர்பனில் கார் ஹாரன் நிற்கவேயில்லை. ஆனால் ஒரு கோப்பை இறுதி ஆட்டம் தேசிய அணிக்கு நுழைவுச் சீட்டு ஆகாது. அப்படியே பேசினாலும், அன்று தோற்ற பைரேட்ஸுக்காகக் கோல் அடித்தவர் யார் தெரியுமா? மக்கோபா. இதைச் சொன்னால் மாமா இறைச்சியைத் திருப்பிப்போட எழுந்து போய்விடுவார்.

அவர் திரும்பி வரும்போது 2010 வந்துவிடும். எல்லா விவாதமும் கடைசியில் அங்கேதான் போய் முட்டும். பெனி மெக்கார்த்தி, பாஃபானாவுக்காக 31 கோல்கள், இன்றுவரை அதுதான் சாதனை. சொந்த மண்ணில் உலகக் கோப்பை, தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது அன்றைய பயிற்சியாளர் பரேரா அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். உடற்தகுதி இல்லை, இங்கிலாந்து கிளப் வெஸ்ட் ஹாமில் ஆட்டமே கிடைக்கவில்லை என்பது காரணம். பதிலாகப் போனவர்களில் கட்லெகோ ம்பெலா அந்த சீசனில் லீகிலேயே அதிகக் கோல் அடித்தவர். அதாவது ரசிகர்கள் கேட்பதுபோல் பெயரை விட்டு ஃபார்மை எடுத்தார்கள். ஜூன் 11, சாக்கர் சிட்டி, மெக்சிகோ. ஷபலாலாவின் கோலில் முன்னிலை, பிறகு 1-1. கடைசி நிமிடத்தில் ம்பெலா அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. உருகுவேயிடம் 0-3, பிரான்ஸை 2-1 என்று வென்றும் கோல் வித்தியாசத்தில் வெளியே. போட்டியை நடத்தும் நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியது அதுவே முதல்முறை. "பெனி இருந்திருந்தா அந்தப் பந்து உள்ள போயிருக்கும்" என்பார் மாமா. போயிருக்கலாம். ஆனால் பிரான்ஸுக்கு எதிரான இரண்டாவது கோலை அடித்ததும் ம்பெலாதான். பரேரா செய்தது சரி என்பது என் கட்சி. மைதானத்தில் ஓட முடியாதவரைப் பெயருக்காகக் கூட்டிப்போக முடியாது. ஃபார்ம் வேறு, உடம்பில் தெம்பு இருப்பது வேறு. இரண்டாவதில் சமரசமே கூடாது.

டர்பன்காரர்களுக்கென்று தனிக் குறை ஒன்று உண்டு. இங்கே அமாசுலு, கோல்டன் ஆரோஸ், பெயர் மாற்றி மேலே வந்திருக்கும் டர்பன் சிட்டி என்று கிளப்புகள் இருக்கின்றன. இவற்றில் ஆடும்வரை ஒருவர் பெயர் பட்டியலில் அரிதாகவே வரும். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) போனதும் கண்ணில் படுவார். ம்பெகெஸெலி ம்போகாஸி நம் மாகாணத்தின் வடக்கே ஹ்லுஹ்லுவே பையன். பைரேட்ஸில் இருபது வயதுக்குள் கேப்டன் பட்டையும் கட்டி, தேசிய அணிக்கும் வந்து, இப்போது சிகாகோ போய்விட்டார். எங்கள் ஊர் கிளப் எதுவும் அவரைப் பிடிக்கவில்லை என்பதில் மாமாவுக்குள்ள கோபம் எனக்கும் உண்டு.

அவர் கோபத்துக்குப் பின்னால் மேனிங் ரேஞ்சர்ஸ் இருக்கிறது. 1928-ல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய கிளப். சாட்ஸ்வொர்த் ஸ்டேடியம்தான் சொந்த மைதானம். 1996-97-ல் இன்றைய பிரீமியர் லீக் தொடங்கிய முதல் சீசனிலேயே சீஃப்ஸையும் பைரேட்ஸையும் பின்னால் தள்ளிச் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் கார்டன் இகெசுண்ட் பிறகு வேறு மூன்று கிளப்புகளிலும் லீக் வென்றார், தேசிய அணிக்கும் கோச் ஆனார். கிளப் நிலைக்கவில்லை. கீழே இறங்கி, விற்கப்பட்டு, கேப் டவுனுக்குப் போய்விட்டது. சீஃப்ஸ் பக்தரான மாமா அந்த ஒரு சீசன் மட்டும் கட்சி மாறியதை மாமிதான் போட்டுக் கொடுத்தார். இன்று சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் பிள்ளைகள் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் சட்டையோடு திரிகிறார்கள். உள்ளூர் லீக் பார்ப்பவர் குறைவு. அதனால் தேசிய அணி விவாதத்தில் நம் ஆட்கள் பலர் யூடியூப் துணுக்குகளை வைத்து "ஃபார்ம்" பேசுகிறார்கள். மூன்று நிமிட வீடியோவில் தவறிய பாஸ் எதுவும் வராது.

யாரும் பேசாத ஒன்றை நான் கவனிப்பேன், அது மைதானம் இருக்கும் உயரம். இந்த 2026 உலகக் கோப்பையின் முதல் ஆட்டமே நமக்கு, மறுபடி ஜூன் 11, மறுபடி மெக்சிகோ, ஆனால் அவர்கள் ஊர் அஸ்டெகா மைதானத்தில். கடல்மட்டத்துக்குமேல் சுமார் 2,200 மீட்டர். இங்கிருந்து ஜோபர்க் போய் ஆடும் அமாசுலு கடைசி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம், அது 1,700 மீட்டர்தான். ஜோபர்க், பிரிட்டோரியா கிளப்புகளில் ஆடுபவர்களுக்கு இது ஓரளவு பழகிய காற்று. சமவெளியில் ஆடும் ஐரோப்பா ஆள்களையும் நம் ஊர் ஆள்களையும் அந்த ஒரு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் வைத்துக்கொள்வது என்பதே ஒரு தேர்வுக் கணக்கு. ப்ரூஸுக்கு மெக்சிகோ புதிதல்ல, 1986-ல் நாலாம் இடம் பிடித்த பெல்ஜியம் அணியில் அங்கே போனவர் அவர்.

இடையில் தகுதிச் சுற்றில் ஒரு கசப்பு. 2025 மார்ச்சில் லெசோத்தோவுக்கு எதிராக, இரண்டு மஞ்சள் அட்டையால் தடையிலிருந்த மொகோவேனாவை இறக்கிவிட்டார்கள். வென்ற ஆட்டத்தை ஃபிஃபா 0-3 தோல்வியாக்கி 3 புள்ளியைப் பிடுங்கியது. அடுத்து இங்கே மோசஸ் மபிடாவில் ஜிம்பாப்வேயோடு 0-0. கடைசி நாளில் நைஜீரியா பெனினை 4-0 என்று அடித்துக் கொடுத்ததால்தான் ஒரே புள்ளி வித்தியாசத்தில் தப்பினோம். யார் ஃபார்மில் இருக்கிறார் என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருக்க, அட்டையை எண்ண ஆளில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் பேரனோடு நான் சேர்ந்துகொள்வேன், அது ரெலெபொஹிலே மொஃபொகெங். 2004-ல் பிறந்த பையன். பந்து காலில் வந்தால் எதிராளி என்ன நினைக்கிறான் என்று யோசிக்காமல் நேரே பாய்வான். காக்கும் வேலையில் குறை என்று ப்ரூஸ் தரப்பு நினைக்கலாம், நியாயமும் இருக்கலாம். ஆனால் 0-1 என்று பின்தங்கி 65-வது நிமிடம் ஆனால் பழகிய கூட்டணி, கட்டுக்கோப்பு எல்லாம் உதவாது. ஒழுங்கைக் கலைக்க ஒருவன் வேண்டும். பெஞ்சில் அப்படி ஒருவனாவது இருக்கட்டும். நான் மேலே சொன்ன நாலைந்து இடம் இதற்குத்தான்.

மெக்சிகோ ஆட்டம் நம் நேரம் இரவு 9 மணி, பிராய்க்குத் தோதானது. தென்கொரியா ஆட்டம் ஜூன் 25 வியாழன் விடிகாலை 3 மணி. அதற்கும் மாமா விழித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு சீஃப்ஸ் ஆளாவது பட்டியலில் வந்தால்.